நான்காம் மாடி யானையின் சீட்டு

சங்ககிரி பைபாஸில், மலைக்கோட்டையைப் பார்த்தபடி நிற்கும் மஞ்சள் தார்ப்பாய் லாரிக் கம்பெனியின் ஐந்து மாடிக் கட்டடத்துக்குள், மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த வேலைநாள் காலை பத்தேகால் மணிக்கு முதல் ஆடு வந்தது. அது லிஃப்டில் வரவில்லை, படியேறியும் வரவில்லை. காணாமல்போன பார்சல்களைத் தேடும் பிரிவில் கோகிலவாணி தன் கம்ப்யூட்டரில் அன்றைய முதல் கேள்வியைத் தட்டி முடித்தபோது, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், கழுத்தில் ஒரு சீட்டோடு நின்று அசைபோட்டது. கோகிலவாணி அதன் நெற்றியைத் தடவிவிட்டு, திரையில் வந்த பதிலைப் படித்து, இளம்பிள்ளை சேலை மூட்டை சேலத்தில் இறங்காமல் தர்மபுரிக்குப் போய்விட்டது என்று போன் செய்து சொன்னாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஆடு இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குள் கட்டடம் முழுக்க ஆடுகளும் காளைகளும் நின்றன, மூன்றாம் மாடி விற்பனைப் பிரிவில் ஓர் ஒட்டகம்கூட நின்றது. விஷயம் எளிமையானது. கம்பெனியின் லாரி, டீசல், மூட்டை, வாடகை எல்லாம் கிளவுடுக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. அங்கே எங்கோ கண்காணாத தூரத்தில் வாடகை இயந்திரங்கள் இருக்கின்றன. ஒருவர் கேள்வி கேட்டால் ஓர் இயந்திரம் விழிக்கும், விழித்திருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் வாடகை ஓடும், பத்து நிமிடம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் தானே தூங்கிப்போகும். சின்னது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று அதில் நான்கு அளவு. ஏழு வருடமாக மாதம் ஒரு பில்லாக மட்டுமே தெரிந்த அவை அன்று முதல் உடம்போடு வந்து நின்றன, அவ்வளவுதான். சின்னது ஆடு, நடுத்தரம் காளை, பெரியது ஒட்டகம். மிகப் பெரியது என்னவாக வரும் என்று யாரும் அப்போது யோசிக்கவில்லை, ஏனென்றால் அதை எழுப்ப யாருக்கும் தேவை இருக்கவில்லை.

வாட்ச்மேன் வீரமணி கேட் நோட்டில் 'வாகனம் அல்லாதவை' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, பத்தாவது ஆட்டோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டார். கூட்டிப் பெருக்கும் மருதாயி இரண்டு நாள் விளக்குமாற்றோடு பின்னாலேயே நடந்து பார்த்து, இவை சாணம் போடுவதில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மூன்றாம் நாளிலிருந்து மனிதர்களைவிட இவை மேல் என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினாள். நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அதில் கால்நடைகளுக்கு டிபன் பாக்ஸிலிருந்து எதுவும் கொடுக்கக்கூடாது என்றும், லிஃப்டில் மனிதர்களுக்கே முன்னுரிமை என்றும் இருந்தது. உண்மையில் அவை யார் கொடுத்ததையும் தின்னவில்லை. வெறும் வாயைத்தான் அசைபோட்டன, அவை மென்றது என்ன என்பது மாதக் கடைசியில் பில் வந்தபோது எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு வாரத்துக்குள் மேல்மாடிக்காரர்கள் இதிலும் உயர்வு தாழ்வு பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆடு எழுப்புகிறவர் காளைக்காரருக்கு முன்னால் கொஞ்சம் குனிந்தே நடந்தார். ஆட்டில் முடிகிற வேலைக்குச் சிலர் வேண்டுமென்றே காளையை எழுப்பி, பக்கத்து மேஜைக்காரர் பார்க்கும்வரை நிறுத்திவைத்தார்கள். விற்பனைப் பிரிவின் மேலாளர் தன் ஒட்டகத்தோடு எடுத்த படத்தைப் பெண் வீட்டாருக்கு அனுப்பியதாகவும் நிச்சயதார்த்தம் அதனால்தான் முடிந்தது என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். கீழே குடோனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த எங்களுக்கு எந்தப் பிராணியும் வரவில்லை, நாங்கள் எதையும் எழுப்பாமல் எங்கள் முதுகாலேயே வேலை செய்கிறவர்கள்.

இந்தக் காலத்தில் ஒரே நாளில் பெரிய மனிதர் ஆனவர் நல்லசாமி. மாதக் கடைசியில் கிளவுட் கம்பெனி அனுப்பும் ஒரே பில்லைப் பதினான்கு பிரிவுகளுக்கும் பிரித்துப் போடும் அதிகாரி அவர். ஏழு வருடம் அவர் அனுப்பிய அட்டவணைகளை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது அவர் ஒரு நீள நோட்டோடு மாடிமாடியாக நடந்து, ஒவ்வொரு பிராணியின் கழுத்துச் சீட்டையும் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து எழுதினார். சீட்டு எப்படி வந்தது என்றால், கேள்வி எழுதுகிறவர் அதன் தலைவரியில் எந்தப் பிரிவு, யார், எந்தத் தேதி என்று குறிக்கவேண்டும் என்பது கம்பெனி விதி. அந்தத் தலைவரிதான் கழுத்தில் சீட்டாகத் தொங்கியது, சீட்டு எந்தப் பிரிவைச் சொன்னதோ அந்தப் பிரிவில்தான் பிராணியும் போய் நின்றது. தலைவரி எழுதச் சோம்பல்பட்டவர்களின் பிராணிகள் சீட்டு இல்லாமல் லிஃப்ட் வாசலில் கூட்டமாக நின்றன. அவற்றின் தீனியை, அதாவது வாடகையை, நல்லசாமி 'பொது' என்று எழுதி எல்லாப் பிரிவுகளுக்கும் சமமாகப் பிரித்தார். சமம் என்ற சொல்லை நாற்பது வருடம் எங்கள் சங்க நோட்டீசுகளில் அச்சடித்தவர்கள் நாங்கள். ஒட்டகம் மேய்த்தவனுக்கும் ஆடு மேய்த்தவளுக்கும் ஒரே பில் வருவதற்கும் அதே சொல்தான் பயன்படும் என்று அச்சகத்தில் நிற்கும்போது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பங்குனி முதல் வாரம் நான்காம் மாடி நடையில், காணாமல்போன பார்சல் பிரிவின் கதவுக்கு நேர் எதிரே, யானை வந்து நின்றது.

நல்ல யானை. தலை மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. மற்றவை வந்தன, நின்றன, போயின. இது போகவே இல்லை. காலையில் அலுவலகம் திறந்தபோது நின்றது, மாலையில் பூட்டியபோதும் நின்றது, ஞாயிற்றுக்கிழமை பூட்டின கட்டடத்துக்குள் தனியாகவும் நின்றது. மக்கள் முதல் இரண்டு நாள் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்; மூன்றாம் நாள் கணக்குப் பிரிவுப் பெண்கள் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள்; ஐந்தாம் நாளிலிருந்து அதன் வயிற்றுக்கு அடியில் குனிந்து டாய்லெட்டுக்குப் போய்வரப் பழகிவிட்டார்கள். நல்லசாமி மட்டும் தினமும் வந்து சீட்டைப் படித்தார். சீட்டில் 'காணாமல்போன பார்சல் பிரிவு' என்று இருந்தது.

மூன்றாவது வாரம் சுற்றறிக்கை வந்தது: இரண்டு பேர் மட்டும் வேலை பார்க்கும் இந்தப் பிரிவின் தீனி மற்றப் பதின்மூன்று பிரிவுகளின் தீனியைவிட அதிகமாகிவிட்டபடியால், மாதக் கடைசியோடு பிரிவு மூடப்படும், ஒப்பந்தப் பணியாளர்கள் கோகிலவாணியும் பஷீரும் விடுவிக்கப்படுவார்கள்.

அந்தப் பிரிவு என்ன என்று தெரியாதவர்கள் அந்தக் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள், எங்களில் ஒருவரும் இல்லை. அது வருவதற்கு முன்னால், எங்கே எந்த மூட்டை காணாமல்போனாலும் சுமை இறக்கினவன் கூலியில் பிடித்தம். சுமை தூக்கும் எங்கள் எண்பத்தாறு பேரில் பிடித்தம் இல்லாத சம்பளக் கவரைக் கண்டவன் கிடையாது. இருபத்திரண்டு நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கஞ்சித்தொட்டி வைத்துக் குடித்து, மூட்டை எங்கே போனது என்று தேடிவிட்டுத்தான் கூலியில் கைவைக்கவேண்டும் என்று எழுதி வாங்கினோம். அந்த எழுத்துதான் கோகிலவாணியின் நாற்காலி. அவள் ஓர் ஆட்டை எழுப்பி ஒரு மூட்டையைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் கீழே ஒருவன் வீட்டில் அந்த வார அரிசி தப்பிக்கும்.

எங்கள் சங்கச் செயலாளர் மாரப்பன் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு படியேறினார். யானையைச் சுற்றி ஒருமுறை நடந்து, வாலைப் பார்த்து, காதைப் பார்த்து, பிறகு நல்லசாமியைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது எங்க அம்மிணியோட யானைன்னு ஆருங்க சொன்னது?"

"சீட்டு சொல்லுதுங்க."

"சீட்டுப் போட்டது ஆருங்க?"

"அது என் வேலை இல்லீங்க. படிக்கறது மட்டுந்தானுங்க என் வேலை."

"குடோன்ல ஒரு மூட்டை மேல ஈரோடுன்னு எழுதியிருந்தா நாங்க கண்ண மூடிட்டு ஈரோட்டு வண்டியில ஏத்த மாட்டமுங்க. தூக்கிப் பாப்போம், கட்டுனது எந்த ஊர்க் கட்டுன்னு பாப்போம்."

"அப்படீங்களா. இதையும் தூக்கிப் பாருங்க," என்றார் நல்லசாமி.

மாரப்பன் சிரித்துவிட்டார். அந்த மனிதரிடம் இவ்வளவு இருக்கும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கோகிலவாணி சிரிக்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சீட்டைக் கையில் பிடித்து முழுதும் படித்தாள்.

"இது என்னோட தலைவரிதானுங்கண்ணா. என் பேர் இருக்குது. ஆனா தேதியப் பாருங்க, மூணு வருசத்துக்கு முந்துனது."

"அதெப்படி அம்மிணி, யானை இந்த மாசந்தான வந்துது."

"இங்க ஆரும் வெத்துத்தாள்ல கேள்வி எழுத மாட்டாங்கண்ணா. ஒழுங்கா ஓடற ஒண்ண அப்படியே எடுத்துட்டு, நடுவுல வேணுங்கறத மட்டும் மாத்திக்குவாங்க. என்னோடது தகராறு பண்ணாம ஓடும், அதனால எடுக்கறவங்க எல்லாம் என்னோடதத்தான் எடுப்பாங்க. தலைவரிய மாத்த மறந்துருவாங்க."

"ஆரு எடுத்தாங்க?"

"ஆரு எடுக்கலைன்னு கேளுங்கண்ணா, சீக்கிரம் சொல்லிரலாம்."

நல்லசாமி நோட்டை மூடினார். "தப்புன்னா திருத்தலாமுங்க. விதியில வழி இருக்குது. யானைக்காரர் ஆருன்னு தெரியோணும், அவரு சீட்டுல கையெழுத்துப் போடோணும், யானை நிக்கறப்பவே போடோணும். மறைஞ்சுதுன்னா இதுவரைக்கும் தின்னது அத்தனையும் இதே பேர்ல மூடிரும். அப்பறம் ஆண்டவனே வந்தாலும் திறக்காதுங்க."

மாரப்பன் பதினான்கு பிரிவிலும் ஏறி இறங்கிக் கேட்டார். யானையோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் யானை தங்களுடையது இல்லை என்றார்கள். ஒட்டகக்காரர் தனக்கு ஒட்டகமே போதும் என்றார். அன்று மாலை மாரப்பன் கோகிலவாணியின் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"இது தூங்காம நிக்குதுன்னா, ஆரோ விடாம கேட்டுட்டே இருக்காங்கன்னு அர்த்தம். அப்படித்தான?"

"ஆமாங்கண்ணா. பத்து நிமிசம் கேக்காம இருந்தாப் போயிரும்."

"எல்லாரும் ஒரே நேரத்துல கைய எடுத்துட்டா?"

"அவங்கவங்களது போயிரும். அப்பவும் எது நிக்குதோ, அதுக்குக் கேக்கறவங்க தெரிஞ்சுருவாங்க. ஆனா நூத்தி நாப்பது பேர் வேலை செய்யறாங்கண்ணா. இத்தன பேரையும் ஒரே நேரத்துல எப்படி நிறுத்தறது?"

மாரப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு பாடத்தைப் படித்தவனிடம் அந்தப் பாடத்திலேயே கேள்வி வந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

நோட்டீஸ் அரைத் தாளில் அச்சாயிற்று. "வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினோரு நிமிடம் கைகளை மடியில் வையுங்கள். யானை யாருடையது என்று தெரிந்துவிடும். உங்களுடையது இல்லையென்றால் உங்களுக்கு என்ன பயம்?" நாங்கள் அச்சடித்தவற்றில் இதைவிட ஆவேசமானவை நூறு இருக்கின்றன; அவற்றை வாங்கி மேல்மாடிக்காரர்கள் வடையின் எண்ணெயை ஒற்றினார்கள். இருபத்திரண்டு நாளில் ஒருநாள்கூட எங்களோடு வந்து உட்காராதவர்கள் இதற்கு மட்டும் ஒருவர் விடாமல் சம்மதித்தார்கள், ஏனென்றால் அந்தப் பதினோரு நிமிடத்தில் யார் விரல் அசைகிறதோ அவர்தான் யானைக்காரர் என்று ஒவ்வொருவரும் பக்கத்து மேஜையைச் சந்தேகித்தார்கள். ஒற்றுமை எந்த வழியில் வந்தாலும் வாசலில் நிறுத்தி விலாசம் கேட்கக்கூடாது என்று மாரப்பன் எங்களுக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நூற்று நாற்பது பேரும் கைகளை மடியில் வைத்தார்கள். விசைப்பலகைச் சத்தம் நின்ற கட்டடத்தில் ஏ.சி. ஓடும் சத்தம் முதல்முறையாகக் கேட்டது. மாரப்பனோடு நான்காம் மாடியில் நின்ற மூன்று பேர் போக, கீழே நாங்கள் மற்ற எல்லோரும், எங்களுக்கும் யானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், இறக்கின மூட்டை மேலேயே உட்கார்ந்தோம், அடுத்தவன் நிறுத்தும்போது கூட நிறுத்துவது பழகிப்போய்விட்டது. ஏழாம் நிமிடம் முதல் ஆடு மறைந்தது, எட்டாம் நிமிடம் லிஃப்ட் வாசலில் சீட்டில்லாமல் நின்ற கூட்டம் வெளுத்துக் கரைந்தது, காளைகள் போயின, ஒன்பதரையில் ஒட்டகம் தன் மேலாளரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று, பதினோராம் நிமிடம் அந்தக் கட்டடத்தில் மனிதர்களையும் யானையையும் தவிர உயிருள்ளது எதுவும் இல்லை. யானை சவுகரியமாக நின்றது. நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்ததுபோல், காதை ஒருதரம் அசைத்தது.

"மனுசர் ஆரும் கேக்கலைங்கண்ணா," என்றாள் கோகிலவாணி மெதுவாக. "இது தானா ஓடற கேள்வி. நிமிசத்துக்கு ஒண்ணு."

படிக்கட்டில் நின்ற வீரமணி தொண்டையைச் செருமினார். "அஞ்சாம் மாடியில சின்ன முதலாளி ரூம்ல பெரிய டிவி ஒண்ணு நிமிசத்துக்கு ஒருதடவ மினுக்குமுங்க. ரவுண்டு போறப்பப் பாப்பேன். ஆரும் கேக்கலைன்னு நானும் சொல்லலைங்க."

மேலே போனோம். சுவரை அடைத்த ஒரு திரை, அதற்கு எதிரே ஆளில்லாத தோல் நாற்காலி. திரையில் 'இப்போது ஓடும் லாரிகள்: 212' என்று இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மினுக்கி, 'இப்போது ஓடும் லாரிகள்: 212' என்றது.

சின்ன முதலாளி கம்பெனிக்கு வருவது வியாழக்கிழமை மட்டும். பக்கத்து மீட்டிங் அறையில் கேட்ட விவரம் எதுவும் வராததால் அவரே வெளியே வந்தார்.

"என்ன மாரப்பண்ணா, மாடிக்கெல்லாம் வந்திருக்கீங்க."

"உங்க யானையப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் தம்பி." மாரப்பன் அவருடைய தாத்தாவோடு முதல் லாரியில் மூட்டை ஏற்றியவர், தம்பி என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. பேங்க்காரர்கள் பார்க்கட்டும் என்று உதவியாளரிடம் சொல்லிச் செய்யச் சொன்ன திரை அது. உதவியாளர் கோகிலவாணியின் கேள்வியை எடுத்து மாற்றி, இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டிருந்தார். பேங்க்காரர்கள் அதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். "இவ்வளவுதானே," என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். திரை இருண்டது. நான்காம் மாடியில் யானையின் காது நின்றுபோனது.

"பத்து நிமிசங்க," என்றார் நல்லசாமி.

"எதுக்கு?"

"யானை போகறதுக்குங்க."

எல்லோரும் நான்காம் மாடிக்கு இறங்கினோம். மாரப்பன் நிலவரத்தைச் சொன்னார்: யானை தின்றது முப்பத்தெட்டு சுமைக்காரர்களின் ஒரு மாதக் கூலி, அது யார் பெயரில் மூடப்போகிறது என்பதுதான் இப்போது பேச்சு.

"பொதுவுல போட்டுரலாமே நல்லசாமி."

"சீட்டு இருக்கறத பொதுவுல போட விதி இல்லீங்க சார்." அந்த விதியை அவர் அன்றுதான் கண்டுபிடித்தாரோ என்று எங்களுக்கு இன்றைக்கும் சந்தேகம்.

"சரி, அந்தப் பிரிவு எப்படியும் மூடறதா முடிவாயிருச்சு. அங்கயே இருந்துட்டுப் போகட்டுமே."

யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. பதினோரு நிமிடம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது, அது முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது, ஆனாலும் மேல்மாடிக்காரர்கள் நூற்று நாற்பது பேரும், எதற்கு என்று அவர்களுக்கே தெளிவில்லாமல், கைகளை மடியிலேயே வைத்திருந்தார்கள். மாடியிலிருந்து வரும் டிரிப் ஷீட், அதாவது பயணத் தாள், கிடைக்காத லாரிகள் கேட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கின. சின்ன முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்து எண்ணினார். பதினேழு. மறுபடி எண்ணியபோது முப்பத்தொன்று.

"ஆறு நிமிசம் ஆச்சுங்க," என்றார் நல்லசாமி.

கோகிலவாணி ஸ்டூலில் ஏறி, சீட்டைப் பிடித்து, தன் பிரிவின் பெயரை அடித்துவிட்டு, கீழே சின்ன முதலாளியின் பெயரை எழுதி அவரிடம் பேனாவை நீட்டினாள்.

"சார், ஏழு வருசத்துல நான் ஆட்டுக்கு மேல எதையும் எழுப்புனதில்லீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஏம்மா, என் பேர்ல யானைன்னு போர்டு மீட்டிங்ல வந்தா என்னப் பாத்துச் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டுங்க சார். வேலை போகாதில்லீங்களா."

அவர் அவளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், யானையைப் பார்த்தார். அது அவர் சீட்டை எட்டுவதற்கு வசதியாகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது. ஒன்பதாம் நிமிடம் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு யானை நகர்ந்து, நடையில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய், வெகுநாள் பழகியதுபோல் தோளோடு தோளாக நின்றது. மிச்சம் இருந்த நாற்பது விநாடியும் சின்ன முதலாளி என்ன செய்வது என்று தெரியாமல் அதன் துதிக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை வெறும் காற்றில் நின்றது.

பிரிவை மூடும் சுற்றறிக்கையை அங்கேயே, யானை நின்ற இடத்திலேயே, திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கோகிலவாணி அதை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது. எல்லா மாடியிலும் விசைப்பலகைகள் சத்தம் போடத் தொடங்கின, கேட்டில் லாரிகள் நகர்ந்தன.

நல்லசாமி மட்டும் நோட்டோடு நின்றார். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. நூத்தி நாப்பது பேரு, முப்பத்தஞ்சு நிமிசம், கேட்டுல நின்ன வண்டி முப்பத்தொண்ணு. இந்த வேலை நின்னத எந்தப் பிரிவுல எழுதறதுன்னு தெரியலீங்க."

விற்பனை மேலாளர் செல்போனை எடுத்துப் பார்த்தார். கணக்குப் பிரிவு தண்ணீர் குடிக்கப் போயிற்று. சற்று முன்வரை கைகளை மடியில் வைத்திருந்த பதினான்கு பிரிவுகளும் அந்த நிமிடத்தில் அந்தப் பக்கமே இல்லை. சின்ன முதலாளி பெருமூச்சு விட்டு, "பொதுவுல..." என்று ஆரம்பித்தார்.

"வேண்டாமுங்க," என்றார் மாரப்பன். "அது வேலைநிறுத்தமுங்க, எங்க பேர்ல எழுதுங்க. சுமை தூக்கும் தொழிலாளர் சங்கம்னு, முழுசா."

நல்லசாமி கண்ணாடியை இறக்கி அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். அவர் கடைசிச் சொல்லை எழுதி மையைக் காயவிடும்வரை நாங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்தோம்.